முதல் பாத்தியின் ஈரம்

கணினி படித்த நான் வெங்காயத் தோட்டத்துக்குப் போனது வேலை தேடித்தான். பட்டப்படிப்பு முடிந்து எட்டு மாதங்கள் நல்லூரில் வீட்டோடு இருந்தேன். பின்னேரங்களில் பக்கத்து ஒழுங்கையில் இருந்த தனியார் கல்வி நிலையத்தில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக் கொடுத்தேன். அப்போதுதான் ஒரு பல்கலைக்கழகத் திட்டத்துக்கு ஆய்வு உதவியாளர் தேவை என்ற அறிவித்தலைத் தோழி ஒருத்தி அனுப்பினாள். வலிகாமத்துத் தோட்டங்களில் மண்ணின் ஈரத்தை அளக்கும் கருவிகளைப் பூட்டி, அந்த அளவைக் கைத்தொலைபேசிச் செயலி மூலம் விவசாயிகளுக்குச் சொல்வதுதான் திட்டம். கிணற்றை விட்டால் வேறு நீர் இல்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டில் தேவைக்கு மேல் இறைப்பதைக் குறைக்க வேண்டும் என்பது நோக்கம். நேர்முகத் தேர்வில் செயலி எழுதத் தெரியுமா என்று கேட்டார்கள். தோட்டம் தெரியுமா என்று கேட்கவில்லை.

திட்டத்துக்குப் பொறுப்பாக இருந்த விரிவுரையாளரை நாங்கள் சேர் என்றே அழைத்தோம். ஐம்பதை நெருங்கியவர், குரலை உயர்த்தாதவர். வெளிநாட்டில் படித்து, அங்கேயே தங்கக் கிடைத்த வாய்ப்பை விட்டுத் திரும்பியவர் என்று மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஆறு தோட்டங்களைத் தெரிவு செய்திருந்தார். அதில் ஒன்றை முழுதாக நானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார்.

தைப்பொங்கல் கழிந்த கிழமை ஸ்கூட்டியில் பலாலி வீதியால் போய், பிரதான வீதியிலிருந்து இறங்கி, செம்மண் ஒழுங்கை ஒன்றின் முடிவில் அந்தத் தோட்டத்தைக் கண்டுபிடித்தேன். நாலு பரப்புக் காணி, கால் ஏக்கர். வெங்காயம் நட்டுப் பத்து நாள் ஆகியிருந்தது. தோட்டத்தைச் செய்தவர் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண். கணவர் கட்டாரில் பாரவூர்தி ஓட்டுகிறார். மூத்த மகள் பருத்தித்துறையில் தாதியாக இருக்கிறாள். அக்கா என்று கூப்பிடவா என்று கேட்டேன். "வேறை என்னெண்டு கூப்பிடப் போறீர்?" என்றார்.

நான் கொண்டுபோன பொருட்களை அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒரு வெள்ளைப் பெட்டி, அதன் மேல் உள்ளங்கையளவு சூரியத் தகடு, பெட்டியிலிருந்து வரும் கேபிளின் முனையில் இரண்டு கூரான கம்பிகள்.

"உது என்ன செய்யும்?"

"கம்பியை மண்ணுக்கை குத்தி வைப்பம் அக்கா. மண்ணிலை எவ்வளவு ஈரம் இருக்கெண்டு அது பெட்டிக்குச் சொல்லும். பெட்டி உங்கடை ஃபோனுக்குச் சொல்லும். இண்டைக்கு இறைக்க வேணுமோ இல்லையோ எண்டு தமிழிலையே வரும்."

"இல்லையெண்டு வந்தால்?"

"இறைக்கத் தேவையில்லை."

அவர் சிரிக்கவில்லை, மறுக்கவும் இல்லை. ஃபோனை என்னிடம் தந்துவிட்டுப் புல்லுப் பிடுங்கப் போனார். நான் செயலியைப் பதிந்து கொடுத்தேன்.

கேபிள் பத்தடிதான் இருந்தது. தோட்டத்தின் நடுவில் கம்பியைக் குத்த வேண்டும் என்று கையேட்டில் படமும் போட்டிருந்தது. ஆனால் பெட்டிக்குப் பாதுகாப்பான இடம் கிணற்றடியில் இருந்த மோட்டர் அறையின் சுவர் மட்டுமே. நடுவுக்கு இழுப்பதென்றால் நீளமான கேபிளுக்குக் கொழும்பிலிருந்து இரண்டு கிழமை காத்திருக்க வேண்டும்; மண்வெட்டி பட்டு அறுந்துபோகவும் கூடும். அதனால் மோட்டர் அறைக்குக் கிட்ட இருந்த முதல் பாத்தியிலேயே குத்தினேன். ஈரம் எங்கே அளந்தாலும் ஈரம்தான் என்று நினைத்தேன். அந்தப் பாத்திக்கு மேலே, கிணற்று நீர் வந்து விழும் சீமெந்துத் தொட்டியில் ஒரு வெடிப்பு இருந்ததையும் கண்டேன். தொட்டியின் அடிப்பக்கம் பாசி பிடித்து ஈரமாக இருந்தது. கண்டதை யோசிக்கவில்லை.

அந்தக் கிணறு பங்குக் கிணறு. மற்றப் பங்கு அக்காவின் கணவருடைய தமையனுக்கு. அவருடைய தோட்டம் வேலிக்கு அந்தப் பக்கம். போர்க்காலத்தில் இராணுவம் எடுத்த அந்தக் காணிகள் விடுவிக்கப்பட்டபோது எல்லைக் கற்கள் எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. பற்றைகளோடு சேர்த்து எல்லாவற்றையும் எப்போதோ புல்டோசரால் தள்ளியிருந்தார்கள். தமையன் தன் ஞாபகத்தில் இருந்த இடத்தில் வேலி போட்டார். தம்பியின் ஞாபகத்தில் எல்லை ஒரு முழம் தள்ளி இருந்தது. இரண்டு நாள் வாக்குவாதம் நடந்தது; மூன்றாம் நாளிலிருந்து இரண்டு வீடும் பேசுவதில்லை. தம்பி பிறகு கட்டாருக்குப் போய்விட்டார். பேசாமல் இருப்பது மட்டும் இங்கே தொடர்ந்தது.

"இவர் கதைக்காத ஆளோடை நான் எப்பிடிக் கதைக்கிறது?" என்றார் அக்கா. அதில் கோபம் எதுவும் தெரியவில்லை.

ஆனாலும் தண்ணீர் ஒழுங்காகப் பங்காகியது. ஒரு நாள் அக்கா இறைப்பார். அடுத்த நாள் கிணறு ஊற விடுவார்கள். அதற்கடுத்த நாள் தமையன் இறைப்பார். பிறகு மறுபடி ஒரு நாள் ஓய்வு. ஆக, ஒவ்வொருவருக்கும் நாலு நாளுக்கு ஒருமுறை. மோட்டர் அறையின் சாவி கதவுநிலையில் இருந்த ஆணியில் தொங்கும். மோட்டரில் ஏதும் கோளாறு என்றால், கடைசியாக இறைத்தவர் சாவியில் ஒரு துணித்துண்டைக் கட்டிவிட்டுப் போவார். ஒன்பது வருடமாக அவர்களுக்குள் நடந்த பேச்சு அந்தத் துணித்துண்டு மட்டுந்தான்.

முதல் மாதம் செயலி மூன்று தடவை "இன்று இறைக்கத் தேவையில்லை" என்று சொன்னது. மூன்று தடவையும் அக்கா இறைத்தார். பல்கலைக்கழகத்தில் என் மேசையில் இருந்தபடியே எனக்கு அது தெரியும். திரையில் ஈர அளவைக் காட்டும் கோடு காலையில் திடீரென்று மேலே ஏறும். மாத அறிக்கையில் நான் எழுதினேன்: விவசாயி ஆலோசனையைப் பின்பற்றவில்லை. சேர் அதை வாசித்துவிட்டு, "ஏனெண்டு கேட்டீரோ?" என்றார். கேட்டிருக்கவில்லை. அடுத்த நாள் போய்க் கேட்டேன்.

அக்கா மண்வெட்டியை வரம்பில் சாத்திவிட்டுச் சொன்னார். "பிள்ளை, இண்டைக்கு என்ரை முறை. இண்டைக்கு விட்டால் எனக்குப் பிறகு நாலு நாள் கழிச்சுத்தான் தண்ணி. உம்மடை ஃபோன் இண்டைக்குத் தேவையில்லை எண்டு சொல்லும். நாளைக்குத் தேவையெண்டு சொன்னால் நான் ஆரிட்டைப் போய்க் கேக்கிறது?"

சரியான கேள்விதான். செயலி எழுதும்போது ஒவ்வொரு விவசாயிக்கும் ஒரு கிணறு, கிணற்றில் எந்நேரமும் தண்ணீர் என்றுதான் என் மனதில் இருந்தது. ஆனால் நான் அன்று அதைச் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக முதல் பாத்தியில் ஒரு சாண் ஆழத்துக்குத் தோண்டி மண்ணைக் கையில் எடுத்துக் காட்டினேன். உருட்டினால் உருண்டையாக நின்றது. "பாருங்கோ அக்கா, இவ்வளவு ஈரம் இருக்கு. நாலு நாள் தாங்கும்." அவர் மண்ணை வாங்கித் தன் விரல்களுக்கிடையில் நசித்துப் பார்த்தார். "ஓம், ஈரந்தான்" என்றார். அந்த முறையை விட்டார்.

மாசியில் பனி இருந்தது. ஒன்றும் நடக்கவில்லை. வெங்காயத்தாள் பச்சையாகவே நின்றது. சேருக்கு மகிழ்ச்சி. எட்டு நாள் தண்ணீர் இல்லாமல் தாங்கியிருக்கிறது என்று இன்னொரு விரிவுரையாளருக்குச் சொன்னார். எனக்கும் உள்ளுக்குள் பெருமையாக இருந்தது. நான் எழுதிய ஒரு வரியை நம்பி ஒருவர் ஒரு நாள் மோட்டரைப் போடாமல் விட்டார் என்பது சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

பங்குனி பிறந்ததும் வெயில் ஏறியது. செயலி மறுபடி தேவையில்லை என்றது. அக்கா மறுபடி முறையை விட்டார். இரண்டு நாள் கழித்து எனக்கு அழைப்பு எடுத்தார்.

"பிள்ளை, தெற்குப் பக்கத்துப் பாத்தியளிலை தாள் வெளிறுது போலை கிடக்கு."

நான் மேசையில் இருந்தேன். திரையைத் திறந்து பார்த்தேன். கோடு பாதுகாப்பான இடத்தில் நின்றது.

"ஈரம் இருக்கு அக்கா. இப்பவும் பாத்துக்கொண்டுதான் இருக்கிறன். பசளை குறைவாய் இருக்கும்."

"சரி" என்று சொல்லி வைத்துவிட்டார்.

முப்பது வருடமாக வெங்காயத்தைப் பார்த்த ஒருவர் வாடுகிறது என்று சொல்ல, பத்துக் கிலோமீற்றர் தள்ளி இருந்துகொண்டு ஈரம் இருக்கிறது என்று சொன்னேன். உரம் குறைவு என்று எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று இப்போதும் விளங்கவில்லை. யாரோ கருத்தரங்கில் சொன்ன வார்த்தை வாயில் வந்திருக்க வேண்டும்.

அடுத்த முறைநாளும் தேவையில்லை என்றே செயலி சொன்னது. அக்கா அதையும் விட்டார். என்னை நம்பியதால் விட்டாரா, அல்லது எனக்குப் பிழையைக் காட்ட விட்டாரா என்று பின்னாளில் நான் கேட்டிருக்கிறேன். "நீர் படிச்ச பிள்ளை எண்டு விட்டன்" என்றார்.

அன்று பின்னேரம் தெரியாத இலக்கம் ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. வயதான ஆண் குரல்.

"தங்கச்சி, கிணத்தடிப் பெட்டியிலை உங்கடை நம்பர் ஒட்டிக் கிடந்தது. அதைப் பாத்துத்தான் எடுக்கிறன்."

யாரென்று அவர் சொல்லவில்லை. எனக்கு விளங்கியது.

"சொல்லுங்கோ."

"தம்பியின்ரை மனிசி ரெண்டு முறை விட்டிட்டா. கடைசி ஏழு பாத்தியும் தலை சாஞ்சு கிடக்கு. வேலியாலை பாக்கத் தெரியுது. உங்கடை மிசின் என்ன சொல்லுதெண்டு எனக்குத் தெரியாது. ஆனால் இனி நாலு நாள் தாங்காது."

"நான் நாளைக்கு வாறன்."

"நாளைக்குக் கிணறு ஊறட்டும், நாளையிண்டைக்கு என்ரை முறை. அதை அவ எடுக்கட்டும். நான் வரமாட்டன், சாவி ஆணியிலைதான் இருக்கும். நான் சொன்னனான் எண்டு சொல்லத் தேவையில்லை."

அடுத்த நாள் காலை எட்டு மணிக்கு நான் தோட்டத்தில் நின்றேன். முதல் பாத்தியிலிருந்து கடைசிப் பாத்தி வரை வரம்பால் நடந்தேன். நான் அதுவரை அப்படி முழுதாக நடந்ததில்லை. பெட்டியைப் பார்ப்பதும் திரும்புவதுமாகவே இருந்திருக்கிறேன். கிணற்றடியில் தாள் நிமிர்ந்து கரும்பச்சையாக நின்றது. பாதிவழியில் நிறம் மாறியது. கடைசியில் தாள்கள் நுனி கருகி, மண்ணோடு படுத்துக் கிடந்தன. செம்மண் பிளந்திருந்தது. குனிந்து தோண்டினேன். ஒரு சாணுக்குக் கீழேயும் மா போல உதிர்ந்தது.

திரும்பி வந்து முதல் பாத்தியைத் தோண்டினேன். சேறு. தொட்டியின் வெடிப்பிலிருந்து கசிந்த நீர் இரவு பகலாக அந்தப் பாத்திக்குள்தான் இறங்கியிருக்கிறது.

அக்கா எனக்குப் பின்னால் நின்றார். சொல்லித்தான் ஆக வேண்டும்.

"அக்கா, பிழை என்னிலை. கம்பியை நடுவிலைதான் குத்தியிருக்க வேணும். கேபிள் காணாதெண்டு இதிலை குத்தினனான். தொட்டி ஒழுகிறதாலை இந்தப் பாத்தி எப்பவும் ஈரந்தான். அதைப் பாத்திட்டு முழுத் தோட்டமும் ஈரமெண்டு உங்களுக்குச் சொல்லிப்போட்டன்."

"அப்ப உது இவ்வளவு நாளும் இந்தப் பாத்தியை மட்டும்தான் பாத்துக்கொண்டு இருந்ததோ?"

"ஓம்."

"நான் ஃபோன் எடுத்துச் சொல்லேக்கை?"

"அப்பவும் அதைத்தான் பாத்தனான்."

அவர் ஏசியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். அவர் ஏசவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தெற்குப் பக்கம் பார்த்தார். "என்ரை முறைக்கு இன்னும் மூண்டு நாள் கிடக்கு" என்றார்.

நாளைய முறையை எடுக்கலாம் என்றேன். யார் சொன்னது என்று கேட்டார். நான் தோண்டிய குழியைக் காலால் மூடினேன். அவர் வேலிப் பக்கம் திரும்பினார். அங்கே யாரும் இருக்கவில்லை. ஆனால் தமையன் வீட்டு முற்றத்தில் வானொலிச் சத்தம் கேட்டது.

"உமக்கு ஃபோன் எடுத்தவரோ?"

"ஓம்."

"எனக்கு எடுக்கேல்லை."

"இல்லை அக்கா."

"அப்ப எனக்கு வேண்டாம். எனக்குச் சொல்லாத தண்ணியை நான் எடுக்கமாட்டன்."

அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை. அது எனக்கு உரிமையில்லாத இடம் என்று தோன்றியது. வேலி எங்கே வர வேண்டும் என்று எனக்குத் தெரியாது. ஒன்பது வருடத்தில் யார் யாருக்கு என்ன செய்தார்கள் என்றும் தெரியாது. ஒன்றை மட்டும் சொன்னேன்: "சாவி ஆணியிலை இருக்குமாம். அவர் வரமாட்டாராம்." சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன். வழியில் நிறுத்தி ஒரு கடை வாசலில் சோடா குடித்தேன்.

அடுத்த நாள் காலை ஆறு மணியிலிருந்து மேசையில் இல்லாமல் வீட்டிலேயே ஃபோனைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். ஏழேகால் வரை கோடு அசையவில்லை. பிறகு ஏறியது. மோட்டர் ஓடுகிறது. அக்கா அந்த முறையை எடுத்திருந்தார்.

நாலு நாள் சுற்றில் அடுத்து வந்தது அக்காவின் முறை. அன்று அவர் தோட்டத்துக்கே போகவில்லை. சாவி ஆணியில் தொங்கியது. தமையன் வந்து இறைத்தார். இதை அக்காதான் எனக்குச் சொன்னார், வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்ற தொனியில்.

கருகிய ஏழு பாத்திகளில் மூன்று மீண்டன. நாலு மீளவில்லை.

நீளமான கேபிள் வந்ததும் நடுவிலும் கடைசியிலும் இரண்டு கம்பிகளைக் குத்தி, முதல் பாத்தியில் இருந்ததைப் பிடுங்கினேன். பதிவேட்டில் "உணரிகளின் இடம் மாற்றப்பட்டது" என்று எழுதினேன். ஏன் என்று எழுதவில்லை. சேரிடமும் சொல்லவில்லை. அக்காவிடம் சொல்ல முடிந்ததைப் பல்கலைக்கழகத்தில் சொல்ல முடியாமல் இருந்தது. திட்டத்தில் என் ஒப்பந்தம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுவது. அதுதான் காரணம் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்தக் கிழமைகளில் ஒரு நாள் அக்கா தேத்தண்ணியும் பனங்கட்டித் துண்டும் தந்துவிட்டு ஒரு விஷயம் கேட்டார்.

"பிள்ளை, ஈரத்தை நான் காலாலை மிதிச்சே பாத்திடுவன். உந்த ஃபோனிலை ஆர் முறையை விடினம், ஆருக்கு அது வேணும் எண்டு காட்ட ஏலுமோ?"

"உங்களுக்கும் அவருக்குமோ?"

"பங்குக் கிணறு வைச்சிருக்கிற எல்லாருக்கும் தான்" என்றார், சற்று அவசரமாக.

சேரிடம் கேட்டேன். அது ஆய்வில் வராது, நேரம் இருந்தால் செய்யலாம் என்றார். ஞாயிறுகளில் தேவாலயத்திலிருந்து வந்து மத்தியானச் சாப்பாடு முடிந்தபின் உட்கார்ந்து எழுதினேன். நாலு ஞாயிறு பிடித்தது. மிக எளிமையான ஒன்று. ஒரு கிணறு, அதன் பங்காளிகள், முறைநாட்கள். இரண்டே பொத்தான்கள்: முறையை விடுகிறேன், முறை வேண்டும். ஒருவர் விட்டால் மற்றவருக்குத் தகவல் போகும். எடுத்தால் நாட்கள் தாமாகவே மாறிக்கொள்ளும்.

தமையனிடம் நானே போய் அவருடைய ஃபோனில் பதிந்து கொடுத்தேன். அறுபதைக் கடந்தவர், மெலிந்த உடம்பு, காதில் பேனை செருகியிருப்பார். பொத்தான்களைப் பார்த்துவிட்டு, "விடுறன் எண்டதைக் கொஞ்சம் பெரிசாய்ப் போட ஏலுமோ? கண்ணாடி இல்லாமல் தெரியேல்லை" என்றார். பெரிதாகப் போட்டேன்.

அதன்பின் நடந்ததைத் திரையில்தான் பார்த்தேன். ஒரு கிழமை எதுவும் இல்லை. பிறகு ஒரு நாள் அவர் தன் முறையை விட்டார். காரணம் எதுவும் கேட்கும்படி நான் செயலியை எழுதியிருக்கவில்லை. அக்கா எடுத்தார். இரண்டு முறை கழித்து அக்கா விட்டார், அவர் எடுத்தார். வைகாசி வரைக்கும் ஏழு தடவை மாறிக்கொண்டார்கள். ஒரு சொல்லும் பேசவில்லை. செய்தி பரவி, பக்கத்துக் கிணறுகள் மூன்றிலிருந்தும் எங்களுக்கும் வேண்டும் என்று கேட்டார்கள். ஈர அளவைக் கேட்டு அப்படி ஒருவரும் வந்ததில்லை.

வைகாசியில் பல்கலைக்கழகத்தில் கூட்டம் வைத்தோம். ஆறு தோட்டத்து விவசாயிகளையும் அயலில் உள்ளவர்களையும் வாடகை வான் பிடித்துக் கூட்டி வந்தோம். குளிரூட்டிய மண்டபத்தில் அவர்கள் சால்வையைத் தோளில் இழுத்துப் போட்டுக்கொண்டு அமர்ந்திருந்தார்கள். தமையன் முன்வரிசையில். அக்கா நாலு வரிசை தள்ளி, பெண்களோடு.

சேர் ஒவ்வொரு தோட்டத்தின் கோடாகக் காட்டிக்கொண்டு வந்தார். அக்காவின் தோட்டம் வந்தது. பங்குனியில் இரண்டு முறை இறைக்காமலே ஈரம் குறையவில்லை என்று அந்தக் கோடு காட்டியது. மிகக் கூடுதலாகத் தண்ணீரை மிச்சம் பிடித்த தோட்டம் இது என்று சேர் சொன்னார். அந்தப் படத்தைத் தயாரித்துக் கொடுத்தது நான்.

அக்கா எழுந்தார். ஒலிவாங்கியை ஒருவர் கொடுக்க, வேண்டாம் என்று கையால் காட்டினார்.

"சேர், குறை சொல்லுறன் எண்டு நினைக்க வேண்டாம். உந்தக் கோடு மேலை நிக்கிற நாளிலைதான் எங்கடை கடைசிப் பாத்தியள் கருகினது. உதிலை அது எங்கை இருக்கு?"

என்னைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. என் பக்கம் பார்க்கவும் இல்லை. சேர் திரையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் சுவரோரம் மடிக்கணினியோடு நின்றேன்.

"சேர், அது என்ரை பிழை" என்றேன். அவ்வளவு பேருக்கு முன்னால் என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது. கம்பி குத்திய இடம், தொட்டியின் வெடிப்பு, ஃபோனில் நான் சொன்ன பதில் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்ல மூன்று நிமிடம் ஆகியிருக்காது.

சேர் திரையில் அந்த நாட்களைச் சுட்டினார். பிறகு, "அப்ப இந்த நாட்களின்ரை தரவை எடுத்துவிடுவம். கணக்கிலை சேர்க்கத் தேவையில்லை" என்றார்.

முன்வரிசையிலிருந்து தமையன் சொன்னார்: "எடுக்க வேண்டாம் சேர். பிழைச்சதெண்டு எழுதி வையுங்கோ. அடுத்த முறை வாற பிள்ளையளுக்கு உதவும்." பின்னால் இருந்த இரண்டு மூன்று பேர் ஓம் ஓம் என்றார்கள்.

அறிக்கையில் அது அப்படியே போனது. எட்டாம் பக்கத்தில், நாலு பாத்திகள் அழிந்ததும் அதற்கான காரணமும் இருக்கிறது. முறை மாற்றும் செயலியைப் பற்றியும் சேர் ஒரு பகுதி சேர்த்தார், அதை எழுதியவர் என்று என் பெயரோடு. கூட்டம் முடிந்து கதிரைகளை அடுக்கும்போது என்னிடம் ஒன்று மட்டும் சொன்னார்: "எனக்கு முதலே சொல்லியிருக்கலாம்."

"ஓம் சேர்."

அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை. ஒப்பந்தத்தையும் புதுப்பித்தார்.

திட்டம் அடுத்த வருடக் கடைசியில் முடிந்தது. கருவிகளைக் கழற்றி, துடைத்து, பட்டியலிட்டு ஒப்படைத்தோம். செயலி ஓடிய சேவையகத்தின் வாடகைக் காலமும் அதோடு முடிய இருந்தது. இதை நேரில் போய்ச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். முதலில் தமையனிடம் போனேன். "நல்ல சாமான். நிப்பாட்டுறாங்களோ" என்றார். பிறகு அக்காவிடம். அவர் பீற்றூட் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"அப்ப இனி எப்பிடி?" என்றார்.

"தெரியாது அக்கா" என்றேன். வேறு எங்காவது இலவசமாக ஓட விடலாமா என்று பார்ப்பதாகச் சொன்னேன். பார்த்தேன். ஆனால் அதற்கிடையில் எனக்கு யாழ்ப்பாண நகரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை கிடைத்தது. அது தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது.

இரண்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை அக்கா அழைப்பு எடுத்தார். சுகம் விசாரித்தார். மழை முன்னதாகவே நின்றுபோனதைச் சொன்னார். வைக்கப் போகும் நேரத்தில்தான் விஷயத்துக்கு வந்தார்.

"இவரின்ரை தமையன் ஃபோன் எடுத்தவர்."

"உங்களுக்கோ?"

"ஓம். நாளைக்கு என்ரை முறை வேண்டாம், எடுக்கிறதெண்டால் எடு எண்டார்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"ஓம் எண்டன். வைச்சிட்டார்."

கணவருக்கு அதைச் சொன்னாரா என்று கேட்டேன். சொன்னாராம். கட்டாரிலிருந்து அவர் வெங்காயம் எப்படி நிற்கிறது என்று கேட்டாராம்.

இந்த வருடம் தமையனின் மகளுக்கு நல்லூரில் ஒரு மண்டபத்தில் கல்யாணம் நடந்தது. எனக்கும் அழைப்பு வந்தது. தாலி கட்டி முடிந்து சாப்பாட்டுக்கு எழும்பும் நேரத்தில் அக்காவைக் கண்டேன். பச்சைப் பட்டுச்சேலை கட்டி, பின்வரிசையில் மகளோடு உட்கார்ந்திருந்தார். வீட்டுக்காரியாகவும் இல்லை, விருந்தாளியாகவும் இல்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"இப்ப அவரோடை கதைக்கிறனீங்களோ அக்கா?"

அவர் மேடைப் பக்கம் பார்த்தபடியே யோசித்தார். "தண்ணிக்குக் கதைப்பம். மற்றதெல்லாம் இன்னும் இல்லை" என்றார். பிறகு என் கையைப் பிடித்து, "நீர் சாப்பிட்டிட்டீரோ? வாரும், பந்தி போடுறாங்கள்" என்று எழும்பினார்.